தேசிக்காய் போட்டுத் தேய்த்த ஐந்து சதம்

04.06.2023

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "தாத்தா இருந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) கூரைத் தகரம் மாற்றும்போது ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே 23 காசுகள். அதில் ஒன்று பெரிய செம்புக் காசு, விக்டோரியா ராணி தலை, 1870, ஐந்து சதம். கறுப்பாக இருந்தது. தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். இப்போது புதுச் செப்புக்குடம் மாதிரி மின்னுகிறது. இது அன்சர்க் தரம்தானே? என்ன விலை சொல்லலாம்?"

தம்பி, முதலில் மற்ற 22 காசையும் தொடாதீர்கள். துணியால் கூடத் துடைக்க வேண்டாம்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ராணியின் காதுக்கு மேல் தலைமுடி ஒரே தட்டையாக இருக்கிறது. அங்கே முடி இழை இழையாகத் தெரிய வேண்டும். கன்னமும் வழுவழுப்பு. இது பல வருடம் கைமாறிய காசு. தேய்ந்த காசை மினுக்கினால் மினுக்கிய தேய்ந்த காசுதான் கிடைக்கும், புதுக்காசு கிடைக்காது. அன்சர்க் என்றால் புழக்கத்துக்கே போகாதது. இது புழங்கியது.

நிறமும் காட்டிக் கொடுக்கிறது. நூறு வருடத்துக்கு மேல் வயதான செம்பில் எழுத்தின் இடுக்கில் ஒரு நிறம், மேட்டில் ஒரு நிறம், உருவமில்லாத வெற்று வெளியில் ஒரு நிறம் இருக்கும். உங்கள் காசில் எல்லா இடமும் ஒரே ரோசாச் செம்பு. புளிப்பு பட்ட செம்புக்குத்தான் அந்த நிறம்.

விலை பற்றி இப்போது பேச வேண்டாம்.

04.06.2023, இரவு

காலையில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். தம்பி மேல் பிழை இல்லை. நம் வீடுகளில் செம்பு என்றால் புளி, பித்தளை என்றால் சாம்பல். விளக்கும் சொம்பும் அப்படித்தான் துலக்கினோம். காசுக்கு மட்டும் ஏன் கூடாது என்பதைச் சொல்லாமல் திட்டுவது சரியில்லை.

காசு அடிக்கும்போது அச்சு, வெற்று உலோக வட்டின் மேல் பெரும் அழுத்தத்தோடு இறங்குகிறது. உலோகம் நடுவிலிருந்து விளிம்புப் பக்கம் ஓடுகிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண் வரிகளாகக் காசின் மேல் தங்கிவிடுகிறது. புதுக்காசை விளக்கின் கீழ் சாய்த்துத் திருப்பினால் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி ஒளி சுற்றி வருவது அந்த வரிகளால்தான். அதற்குப் பெயர் லஸ்டர். மினுக்கம் வேறு, லஸ்டர் வேறு. தேசிக்காய்ப் புளிப்பு அந்த வரிகளைக் கரைக்கும், உப்புக்கல் கீறும். ஒருமுறை போனால் போனதுதான். உலகத்தில் எந்த மருந்தும் அதைத் திருப்பிக் கொடுக்காது.

இன்னொன்று. செம்பின் மேல் படியும் அந்தப் பழுப்பு நிறத்தை அழுக்கு என்று நினைக்காதீர்கள். அது செம்பே காற்றோடு சேர்ந்து போட்டுக்கொண்ட தோல். அடியில் இருக்கும் உலோகத்தை அதுதான் காக்கிறது.

07.06.2023

தரத்தின் பெயர்கள் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

பிரிட்டிஷ் வழக்கில் கீழிருந்து மேலே: ஃபேர், ஃபைன், விஎஃப் (வெரி ஃபைன்), ஈஎஃப் (எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்), அன்சர்க் (அன்சர்குலேட்டட்). இதில் 'ஃபைன்' என்ற சொல்தான் எல்லாரையும் கவிழ்க்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசில் அது நல்ல சொல். காசுக்காரரிடம் ஃபைன் என்றால் நன்றாகத் தேய்ந்தது: உருவம் முழுதாகத் தெரியும், உள் விவரம் பாதி போயிருக்கும். விஎஃப் என்றால் முடியின் பெரிய கற்றைகள் பிரிந்து தெரியும். ஈஎஃப் என்றால் மேடான நுனிகளில் மட்டும் லேசான தேய்வு, இடுக்குகளில் லஸ்டர் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். ஈஎஃபுக்கும் அன்சர்க்குக்கும் நடுவே ஏயூ (அபவுட் அன்சர்குலேட்டட்) என்று ஒன்று சொல்வார்கள். அந்த இரண்டு எழுத்துக்குள்தான் அதிகச் சண்டை.

எண்ணில் சொல்வதும் உண்டு. 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தங்கள் நாட்டுப் பழைய பெரிய செப்புச் சதங்களுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் போட்டார். 70 வாங்கிய காசு 1 வாங்கிய காசைப் போல 70 மடங்கு விலை பெறும் என்பது அவர் கணக்கு. விலைக் கணக்கு நிலைக்கவில்லை, எண்கள் நிலைத்துவிட்டன. இப்போது 60இலிருந்து மேலே எல்லாம் புழங்காத காசு. 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி என்று அமெரிக்காவில் இரண்டு கம்பனிகள் வந்தன. காசைப் பார்த்து எண் கொடுத்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தருகிறார்கள். கழுவித் தேய்த்த காசுக்கு அவர்கள் வழக்கமான எண் கொடுப்பதில்லை. 'டீடெய்ல்ஸ்' என்று எழுதி, சுத்தம் செய்யப்பட்டது என்று காரணமும் போட்டுவிடுவார்கள். தம்பியின் ஐந்து சதம் அங்கே போனால் அதுதான் நடக்கும்.

11.06.2023

சரி, நம் காசுகளுக்கு வருவோம். எங்கே முதலில் பார்க்க வேண்டும்?

1870இலிருந்து 1901 வரை வந்த விக்டோரியா செம்புகளில் (கால் சதம், அரைச் சதம், ஒரு சதம், பெரிய ஐந்து சதம் சில வருடங்களில் மட்டும்) ஒரு பக்கம் ராணி, மறு பக்கம் தாளிப்பனை. ராணிப் பக்கத்தில் காதுக்கு மேல் முடி, கன்னம், பின்கொண்டை. பனைப் பக்கத்தில் அடிமரமும் ஓலையின் நடுவும். அப்புறம் பெறுமதி மூன்று மொழியிலும் இருக்கிறது. நான் தமிழ் எழுத்தைத்தான் முதலில் பார்ப்பேன். வாசித்துப் பழகிய எழுத்து என்பதால், சுழி எங்கே மழுங்கியிருக்கிறது என்பது கண்ணுக்கு உடனே பிடிபடும். ராணியின் முடி எத்தனை இழை என்று நமக்குத் தெரியாது. 'ச' எப்படி வளைய வேண்டும் என்று தெரியும்.

1909இல் தொடங்கிய சதுர ஐந்து சதத்தில் மூலைகள். பைக்குள் கிடக்கும்போது நாலு மூலையும்தான் முதலில் அடி வாங்கும்.

ஏழாம் எட்வேர்ட் ராஜாவின் வெள்ளி ரூபாயில் கிரீடம் இல்லாத வெறுந்தலை. காதும், காதுக்கு மேல் முடியும், தாடியும். ஐந்தாம் ஜோர்ஜ் ராஜாவின் ரூபாயில் புருவம், மீசை, காது, அப்புறம் மார்பில் தொங்கும் யானை.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கை தனக்கென்று ஒரு ரூபாய்க் காசு அடித்தது 1957இல்தான், புத்த ஜயந்திக்கு. அதற்கு முன்னால் இங்கே புழங்கிய வெள்ளி ரூபாய் இந்திய ரூபாய். அதனால்தான் தோட்டத்துப் பெட்டிகளில் சிலோன் சதமும் இந்திய ரூபாயும் ஒன்றாகக் கிடக்கின்றன. யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்து கலந்தது என்று நினைக்க வேண்டியதில்லை. சம்பளமே அப்படித்தான் வந்தது.

12.06.2023

முதல் நாள் எழுதியதில் ஒரு பிழை. தட்டையாக இருந்தால் தேய்வு என்று எழுதிவிட்டேன். எப்போதும் அப்படி இல்லை.

அச்சு சரியாக இறங்காவிட்டாலும் இடம் தட்டையாகும். ஒரு பக்கம் ஆழமான தலை உருவம், நேர் பின்னால் மறு பக்கத்தின் நடு என்று வைத்துக்கொள்ளுங்கள். உலோகம் தலைக்குள் ஓடிவிடும், பின்பக்கத்து நடுவுக்குப் போதாமல் போகும். பனையின் அடிமரம் மங்கி, சுற்றியுள்ள எழுத்து மட்டும் கூர்மையாக நிற்கும் காசுகள் உண்டு. அவை புழங்கவே இல்லாமல் இருக்கலாம்.

எப்படிப் பிரிப்பது? நிறத்தால். தேய்ந்த மேடு வழுவழுப்பாக, சுற்றியுள்ள வெளியைவிட வேறு நிறத்தில் இருக்கும். வெள்ளியில் மங்கிய சாம்பல், செம்பில் இருண்ட பழுப்பு. அச்சு இறங்காத மேட்டில் வெளியின் அதே நிறம், அதே தோல், லஸ்டர் இருந்தால் அந்த இடத்தையும் தாண்டி ஓடும்.

இதை நான் ஒரு நல்ல காசைக் கைவிட்டுத்தான் கற்றேன். 2004இல் ஒரு வியாபாரியிடம் 1914ஆம் வருட 50 சதம் பார்த்தேன். நடு மங்கலாக இருக்கிறது, விஎஃப் என்று சொல்லி விட்டுவிட்டு வந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் அதை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார், ஒன்றும் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டார். பஸ்சில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைய விலை இன்றைக்கும் மனதில் இருக்கிறது.

14.06.2023

வெள்ளிக்கு ஒரு வசதி இருக்கிறது, நிறுக்கலாம். இந்திய ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. நம் 50 சதம் அதில் பாதி, 25 சதம் கால், 10 சதம் பத்தில் ஒன்று. நகைக்கடையில் கேட்டால் தராசில் வைத்துக் காட்டுவார்கள். தேய்ந்த ரூபாய் கொஞ்சம் குறையும், அது இயற்கை. கண்ணுக்குப் புதிதாகத் தெரிந்து எடை மட்டும் நன்றாகக் குறைந்தால் வாங்காதீர்கள். விளிம்பில் சுற்றிவர ஒரு மெல்லிய தையல் கோடு ஓடினாலும் வாங்காதீர்கள். அது வார்த்த காசு, அடித்த காசு அல்ல.

நம் சில்லறை வெள்ளியில் 1919இலிருந்து வெள்ளி குறைக்கப்பட்டது. ஆயிரத்துக்கு 800 பங்காக இருந்தது 550 ஆனது. அதனால் 1917 காசும் 1919 காசும் ஒரே பெட்டியில் கிடந்தாலும் ஒரே மாதிரிக் கறுக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்து நிறத்தால் தரம் சொல்லாதீர்கள்.

18.06.2023

யானை என்று சொன்னேன் அல்லவா, அதைப் பற்றி.

ஜோர்ஜ் ராஜாவின் முதல் ரூபாய் 1911இல் வந்தது. ராஜாவின் அங்கியில் ஒரு யானைப் பதக்கம் தொங்குகிறது. தும்பிக்கை குட்டையாக இருந்ததால் பார்த்தவர்கள் அதைப் பன்றி என்று சொல்லிவிட்டார்கள். பெரிய குழப்பமாகி, காசைத் திரும்ப எடுத்து, 1912இலிருந்து தும்பிக்கையைத் திருத்தி அடித்தார்கள். அதனால் 1911 ரூபாய்க்குத் தனி மதிப்பு. அதனாலேயே போலியும் அதிகம்.

தரம் பார்க்க அந்த யானை மாதிரி உதவி வேறு இல்லை. 1912க்குப் பிந்திய காசில் தும்பிக்கை பிரிந்து தெரிந்தால் நல்ல காசு. யானை வெறும் குமிழாக இருந்தால் எவ்வளவு பளபளத்தாலும் மேலே போகாது.

எங்கள் அப்பாயியிடம் எட்டு ரூபாய்க் காசு கோத்த மாலை இருந்தது. பொகவந்தலாவையில் கொழுந்து எடுத்த காலத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்தது. ஆசாரி பொடி வைத்து ஊதி ஒவ்வொரு காசின் தலையிலும் வளையம் பற்றவைத்திருந்தார். அப்பாயி போன பிறகு மாலை பிரிந்து பங்காகிவிட்டது, இரண்டு காசு எனக்கு வந்தது. வளையத்தை அரத்தால் அராவி எடுத்துவிட்டு, ஒன்றை விற்கக் கொண்டுபோனேன். எனக்கு அப்போது 19 வயது. வாங்குபவர் காசின் முகத்தைப் பார்க்கவே இல்லை. விளிம்பைத்தான் திருப்பிப் பார்த்தார். பன்னிரண்டு மணி முள் நிற்கும் இடத்தில் விளிம்புக் கோடுகள் இல்லை, பொடி உருகி நிரம்பியிருக்கிறது. வெள்ளி எடைக்கு எடுக்கிறேன் என்றார்.

வளையத்தோடு விட்டிருந்தால் அது ஒரு மலைநாட்டுப் பெண்ணின் மாலைக் காசாகவாவது இருந்திருக்கும். அராவியதில் காசும் போனது, நகையும் போனது. விற்கவில்லை, திரும்பக் கொண்டுவந்தேன். அரத்தின் தடம் இன்றைக்கும் அதில் இருக்கிறது. தம்பியின் டின்னில் வளையம் உள்ள ரூபாய் ஒன்று தெரிகிறது. தயவுசெய்து அதை அப்படியே விடுங்கள்.

18.06.2023, பத்து நிமிடம் கழித்து

தம்பி பதில் போட்டிருக்கிறார்: தொடவில்லை, டின்னை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன் என்று. நல்லது.

25.06.2023

சோழர் காசு, யாழ்ப்பாணத்துச் சேதுக் காசு, பராக்கிரமபாகு காலத்துச் செப்புக்காசு எல்லாவற்றுக்கும் இதே தரம்தானா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. அவை கையால் அடித்தவை. நடு விலகியிருக்கும், வட்டு அச்சைவிடச் சின்னதாக இருக்கும். அவற்றில் பார்ப்பது வேறு: எழுத்து எவ்வளவு வட்டுக்குள் விழுந்திருக்கிறது, உருவம் முழுதாக நிற்கிறதா, மண்ணில் கிடந்து அரித்திருக்கிறதா. நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் முழுதாக விழுந்த ஒரு காசு, பாதி விழுந்த பத்துக் காசைவிட மேல். ஆனால் எண்ணூறு வருடப் பழசு என்பதற்காக மட்டும் விலை ஏறாது. ஏராளமாக அடித்த செப்புக்காசு இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது.

துட்டு என்ற நம் சொல்லே டச்சுக்காரரின் செப்புக்காசுப் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். அந்தக் காசிலும் தேய்வைவிட அரிப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதை நீட்டினால் தம்பியின் டின்னை மறந்துவிடுவோம்.

02.07.2023

பத்து நாளாக மழை. ஹட்டனில் சுவரே வியர்க்கிறது. அதனால் இன்றைக்கு ஈரம் பற்றி. தொடாதே என்று சொன்னால் மட்டும் போதாது, எங்கே வைப்பது என்றும் சொல்ல வேண்டும்.

என் பெரிய இழப்பு திருடனால் வந்ததில்லை, அல்பத்தால் வந்தது. 1998இல் ஒரு கடையில் பிளாஸ்டிக் பைகள் கொண்ட நல்ல தடித்த அல்பம் ஒன்று வாங்கி, நாற்பது காசுகளை அடுக்கினேன். மென்மையான பிளாஸ்டிக், கையில் எடுத்தால் ஒரு வாசனை. மூன்று மழைக்காலம் போன பிறகு திறந்தேன். காசுகளின் மேல் பச்சைப் பிசின். அது பிவிசி. அந்தப் பிளாஸ்டிக்கை வளையச் செய்யச் சேர்க்கும் எண்ணெய் கசியும், பிளாஸ்டிக் சிதையும்போது அமிலமும் வரும். நம் ஊர் ஈரத்தில் அது இன்னும் வேகம். 1943ஆம் வருடப் பித்தளை 25 சதங்கள் நாலு, வாங்கும்போது புத்தம் புதிதாக இருந்தவை, முகமெல்லாம் குழி விழுந்து கிடந்தன.

இப்போது நான் செய்வது: பிவிசி இல்லாத விறைப்பான உறை, அதற்கு மேல் கடதாசி உறை, எல்லாம் இறுக்கமாக மூடும் ஒரு டப்பாவில், கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலம். மாதம் ஒருமுறை பொட்டலத்தை அடுப்பின் பக்கத்தில் வைத்துக் காயவைக்கிறேன். விறகடுப்புப் புகை படும் இடத்தில் காசை வைக்காதீர்கள், வெள்ளி கறுக்கும். அல்பத்தை முகர்ந்து பாருங்கள். புது மழைக்கோட்டு வாசனை அடித்தால் இன்றைக்கே காசை வெளியே எடுங்கள்.

பிவிசிப் பிசினைச் சுத்தமான அசிடோனில் ஊறவைத்து எடுக்கலாம். தேய்க்கக் கூடாது. அது உலோகத்தைத் தொடாது, பிசினை மட்டும் கரைக்கும்.

03.07.2023

அவசரமாக இரண்டு திருத்தம்.

ஒன்று, நகச்சாயம் நீக்கும் திரவம் அசிடோன் அல்ல. அதில் எண்ணெயும் வாசனையும் சாயமும் கலந்திருக்கும். காசில் அது படக் கூடாது. அசிடோன் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்படியில் திறக்க வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, எல்லாப் பச்சையும் பிவிசி அல்ல. செம்புக்குக் களிம்பு கூடப் பிறந்தது என்று சைவ சித்தாந்தத்தில் சொல்வார்கள். கெட்டியாக, மெழுகு மாதிரி இறுகி நிற்கும் பச்சை பழைய களிம்பு. அது பல காலம் அப்படியே இருக்கும். வெளிர்பச்சையாக, மாவு மாதிரி உதிர்ந்தால் அதுதான் நோய். உப்புச் சேர்ந்த ஈரத்தில் செம்பு உள்ளுக்குள் தின்னப்படுகிறது. அந்தக் காசை மற்றக் காசுகளிலிருந்து உடனே பிரித்து, காய்ந்த இடத்தில் வையுங்கள். இதற்கு அசிடோன் உதவாது.

தம்பி, உங்கள் ஐந்து சதத்துக்கு உப்புப் போட்டீர்கள் அல்லவா. அதைக் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு மூன்று நாள் போட்டு, தினமும் நீரை மாற்றுங்கள். உப்பு இறங்கட்டும். பிறகு துடைக்காமல் ஒற்றியெடுத்துக் காயவையுங்கள். இதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். ஒரு மாதம் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

16.07.2023

எந்த வெளிச்சத்தில் பார்ப்பது?

என் அப்பா டீமேக்கராக இருந்தவர். ஃபாக்டரியில் இலை பார்க்கும் மேசை வடக்கு ஜன்னலோரம் இருந்தது. டியூப் லைட் எரிந்தாலும் அதில் பார்க்க மாட்டார். கறுப்பு இலையை வெள்ளைக் கடதாசியில் பரப்பி, கடதாசியைச் சாய்ப்பார். நல்ல இலையில் ஒரு மெல்லிய பளபளப்பு உண்டு, அதற்கு டீக்காரர்கள் புளூம் என்பார்கள். சலிக்கும்போது அளவுக்கு மேல் உரசினால் புளூம் போய், இலை சாம்பல் பூத்துவிடும். 'கிரே' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார். போன புளூமை மறுபடி ஏற்ற முடியாது என்று சலிக்கிற பையன்களிடம் தினமும் சத்தம் போடுவார்.

நான் காசு பார்க்கத் தொடங்கிப் பல வருடம் கழித்துத்தான், லஸ்டர் என்று புத்தகத்தில் படித்ததை அப்பா எனக்குச் சின்ன வயதிலேயே காட்டியிருக்கிறார் என்று விளங்கியது. தொட்டால் போகும், சாய்த்தால் தெரியும், திரும்பி வராது. இரண்டுக்கும் அதே மூன்று குணம்.

ஆக, ஜன்னலோரத்தில் ஒருமுறை பாருங்கள். பிறகு அறையை இருட்டாக்கி ஒரே ஒரு மஞ்சள் பல்பின் கீழ் ஒருமுறை. காசை விளிம்பில் மட்டும் பிடித்து, மெல்லச் சாய்த்துச் சுற்றுங்கள். தேய்த்த காசில் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடுவது அப்போதுதான் தெரியும். கைக்கு அடியில் மெத்தையோ மடித்த துண்டோ இருக்கட்டும், விழுந்தால் சிமெந்துத் தரை மன்னிக்காது. போன் படத்தை வைத்துத் தரம் சொல்லக் கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்: படம் சாய்வதில்லை.

30.07.2023

தம்பி நேற்று டின்னோடு ஹட்டனுக்கு வந்தார். கூட அவருடைய அப்பாயியும். 84 வயது, பஸ்சில் வந்திருக்கிறார். காசைத் தனியாக அனுப்ப மனமில்லை என்றார்.

ஜன்னலோரம் துண்டு விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தேசிக்காய் ஐந்து சதம்: தேய்வில் ஃபைன், ஆனால் தேய்த்தது. நீரில் போட்டு எடுத்த பிறகு அந்தக் கத்தும் நிறம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. இனிக் காற்றோட்டத்தில் வருடங்கள் போனால் பழுக்கும், மறுபடி கைவைக்காமல் இருந்தால். ஒரு சதங்கள் ஐந்தும் அரைச் சதங்கள் மூன்றும் ஃபைனுக்குக் கீழே. 1910 சதுர ஐந்து சதம் ஒன்று விஎஃப், மூன்று மூலை நல்லது, ஒரு மூலையில் அடி. 1944ஆம் வருட இரண்டு சதம், பூ மாதிரி வளைந்த விளிம்பு, நாலு இருந்தன. அவற்றில் ஒன்று நல்ல ஈஎஃப். 1862 விக்டோரியா ரூபாய் வளையத்தோடு. அதற்கு நான் எண் சொல்லவில்லை. 1907 எட்வேர்ட் ரூபாய் காதே இல்லாமல் தேய்ந்தது.

இன்னொரு அரைச் சதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கரிக்கட்டை மாதிரி இருந்தது, தம்பி அதை ஒதுக்கியே வைத்திருந்தார். கண்ணாடி வைத்துப் பார்த்தால் தமிழ் எழுத்தின் சுழிகளுக்குள் சிவப்பு. அடித்த நாளின் செம்பு நிறம், எழுத்தின் நிழலில் ஒளிந்து மிஞ்சியது. முடி இழைகளும் நிற்கின்றன. ஈஎஃப் என்று தயங்காமல் சொன்னேன். பிறகு மறுபடி பார்த்தேன், ஏயூ கூடச் சொல்லலாம். டின்னிலேயே அவலட்சணமான காசு அதுதான், தேசிக்காய்க்கு அடுத்து எடுத்திருந்தது அதைத்தானாம். தம்பி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

30.07.2023, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றுதான் தனியாக எழுதுகிறேன்.

டின்னின் அடியில் மஞ்சள் துணியில் முடிந்த காசு ஒன்று இருந்தது. அப்பாயியிடம் கேட்டுத்தான் முடிச்சைத் திறந்தோம். 1919ஆம் வருட ஜோர்ஜ் ரூபாய். நான் ஜன்னல் பக்கம் சாய்த்தேன். ஒளி ஒரு சுற்று முழுதாகச் சுற்றி வந்தது. ஓரத்தில் துணியின் நெசவு படிந்த மாதிரி மங்கலான பொன் நிறம். யானையின் தும்பிக்கை வளைவு வரைக்கும் தெரிகிறது. மீசையில் தேய்வில்லை. இருபது வருடத்துக்கு மேல் பார்க்கிறேன், தோட்டத்துப் பெட்டியிலிருந்து புழங்காத ரூபாய் வந்து நான் பார்த்ததில்லை.

ஏன் புழங்கவில்லை என்பதை அப்பாயிதான் சொன்னார். அவருடைய மாமியார் பிள்ளைக்கு நோய் வந்தபோது மாரியம்மனுக்கு நேர்ந்து முடிந்த காசு. பிள்ளை பிழைத்தது. காசை மாத்தளைக் கோயிலில் கொண்டுபோய்ச் செலுத்துவதாக நேர்ச்சை. ஒரு வருடம் தேருக்குப் போக முடியவில்லை, அடுத்த வருடமும் ஏதோ தடை, அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைதான் தம்பியின் தாத்தா.

தம்பி என்னைப் பார்த்தார். விலை கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னேன், மறைக்கவில்லை. வளையமில்லாத, கழுவாத, புழங்காத காசுக்கு டின்னில் மிச்சமுள்ள எல்லாவற்றையும் சேர்த்ததைவிட அதிகம் கிடைக்கும்.

அப்பாயி துணியை மறுபடி மடித்துக்கொண்டு, "அது அம்மனுடைய காசு, நம்முடையது இல்லையே" என்றார். தம்பி தலையாட்டினார்.

06.08.2023

எப்படி விட்டீர்கள், நீங்களே வாங்கி வேறு ரூபாயைப் போட்டிருக்கலாமே என்று நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். அன்றிரவு நானும் அதை நினைத்தேன். கேட்க வாய் வரவில்லை.

அடுத்த மாசித் தேருக்குப் போகிறார்களாம். கோயிலில் கொடுக்கும் முன் மஞ்சள் நீரில் கழுவ வேண்டுமா என்று அப்பாயி போனில் கேட்டார். வேண்டாம் அம்மா, முடிந்த துணியோடேயே கொடுங்கள் என்று சொன்னேன்.